பெரியவர் நடையில் நூற்றைம்பது கெஜம்

முப்பத்து நான்காவது வயதில் எனக்குப் பணி ஓய்வுப் பாராட்டு விழா நடந்தது. வேலையை விடுகிறேன் என்றுதான் கடிதம் கொடுத்தேன். ஆனால் எங்கள் கிளப் அலுவலகத்தில் வேலையை விடுவதற்குப் படிவம் கிடையாது. ஓய்வுக்கு ஒன்று, இறப்புக்கு ஒன்று, ஆக இரண்டுதான் உண்டு. செயலாளர் இரண்டையும் என் முன்னால் வைத்து, எது வசதி என்று கேட்டார். ஓய்வை எடுத்துக்கொண்டேன். சால்வை போர்த்தினார்கள். இனிமேல் பேரன் பேத்திகளோடு நிம்மதியாக இருக்கும்படி ஒருவர் வாழ்த்தினார். எனக்கு அப்போது கல்யாணமே ஆகியிருக்கவில்லை.

இப்போது தென்காசியில் ஒரு பாலிடெக்னிக்கில் நில அளவை பாடம் எடுக்கிறேன். போன வாரம் கௌசல்யா வாட்ஸப்பில் கேட்டிருந்தாள். கிளப்பில் என் நாற்காலியில் இப்போது இருப்பவள் அவள். இனி எல்லா உறுப்பினர்களும் தூரம் காட்டும் லேசர் கருவி வைத்துத்தான் கோல்ஃப் ஆட வேண்டும் என்று தீர்மானம் வருகிறதாம். நம்மைப் போன்ற சாதாரண ஆட்டக்காரர்களுக்கு அதனால் பயன் உண்டா என்று ஒரு பக்க அளவில் அறிக்கை கேட்டிருக்கிறார்களாம். "அக்கா, நீங்கதான் இதுல அனுபவசாலி. ஒரு பக்கம் எழுதிக் குடுங்க" என்றாள். ஒரு பக்கத்தில் எழுதினால் பொய்தான் எழுத முடியும். அதனால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

என் பயிற்சிக் காலத்தை விரைவாகச் சொல்லிவிடலாம். சிவில் டிப்ளமா. மூன்று வருடம் பாடம், ஒரு வருடம் நான்குவழிச் சாலை வேலையில் வெயில். பிறகு குற்றாலத்து மலையடிவாரத்தில் ஒன்பது குழி கொண்ட இந்த மைதானத்தில் 'கள மேற்பார்வையாளர்' என்று சேர்ந்தேன். வேலை நான்கு: காலையில் கொடிகளை இடம் மாற்றுவது, புல் வெட்டும் வண்டிகளைக் கவனிப்பது, போட்டி நாளில் ஆட்டக்காரர்களின் அடிக்கணக்கு அட்டைகளைச் சரிபார்ப்பது, உறுப்பினர்கள் சொல்லும் தூரத்தை மறுக்காமல் இருப்பது. கடைசியை யாரும் எழுதித் தரவில்லை. பார்த்துப் பழகிக்கொண்டேன்.

கோல்ஃப் தெரியாதவர்களுக்கு இவ்வளவு போதும். பையில் பல மட்டைகள் இருக்கும், எல்லாவற்றுக்கும் நம்பர் உண்டு. சின்ன நம்பர் பந்தைத் தூரமாக அனுப்பும், பெரிய நம்பர் கிட்டத்தில் போடும். கொடி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று தெரிந்தால் அதற்கேற்ற மட்டையை எடுக்கலாம். அதற்காக ஒவ்வொரு குழிக்கும் போகும் வழியில் மூன்று வெள்ளைக் கற்கள் நட்டிருந்தார்கள்: 200, 150, 100. கொடி மேடையின் நடுவிலிருந்து அத்தனை கெஜம் என்று பொருள்.

நான் சேர்ந்த வருடமே மைதானம் முழுவதையும் அளந்து வரைபடம் போட்டேன். யாரும் கேட்கவில்லை, படித்த திமிர். அளந்ததில் ஒன்று தெரிந்தது. எந்தக் கல்லும் தன்மேல் எழுதியிருந்த தூரத்தில் இல்லை. 150 என்ற கல் 129 கெஜத்தில் இருந்தது. 200 என்ற கல் 172இல். 100 என்ற கல் 86இல். இருபத்தேழு கற்களும் ஒரே விகிதத்தில், ஒன்றையொன்று காட்டிக்கொடுக்காமல், ஒற்றுமையாகப் பொய் சொல்லின.

வரைபடத்தைச் செயலாளரிடம் கொண்டுபோனேன். அவர் ஓய்வுபெற்ற போலீஸ் இன்ஸ்பெக்டர், எல்லோருக்கும் அண்ணாச்சி. கண்ணாடியைக் கழற்றாமல் ஒரு கேள்வி கேட்பார், அது விசாரிப்பு. கழற்றிவிட்டு இன்னொன்று கேட்பார், அது விசாரணை. அன்று கழற்றினார். கல்லை நட்டது யாரென்று தெரியுமா என்றார். எனக்குத் தெரியாது. அவர் தலைக்கு மேலே சுவரில் சந்தனமாலையோடு இருந்த படத்தைக் காட்டினார். கிளப்பை நிறுவிய பெரியவர். இந்த நிலமெல்லாம் அவருடையது. கொடியிலிருந்து தானே நடந்து, ஓர் எட்டு வைத்தால் ஒரு கெஜம் என்று எண்ணி, ஒவ்வொரு கல்லையும் தன் கையால் நட்டவர். ஆயுத பூஜைக்கு இன்றும் அந்தக் கற்களுக்குச் சந்தனமும் குங்குமமும் உண்டு. எட்டாவது குழியின் நூறு கல்லில், வேலியோரமாக வயலுக்குப் போகிற பெண்கள் வருடம் முழுவதும் சூடம் கொளுத்துவார்கள். அது என்ன சாமி என்று அவர்களும் கேட்டதில்லை, நாங்களும் சொன்னதில்லை.

வரைபடத்தைப் பீரோவில் வைத்தேன். வைத்தது நான், பூட்டியது அவர். இதில் என் பங்கை நான் குறைத்துச் சொல்லப்போவதில்லை.

வேடிக்கை என்னவென்றால், தவறான கற்களால் ஆட்டம் ஒன்றும் கெடவில்லை. இருபது வருடமாக ஒரு மனிதர் 150 கல்லில் நின்று ஏழாம் நம்பரை எடுத்து அடிக்கிறார். பந்து கொடிக்குப் பக்கத்தில் விழுகிறது. 'என் ஏழாம் நம்பர் நூற்றைம்பது போகும்' என்று அவர் நம்புகிறார். உண்மையில் அது 129தான் போகிறது. கல்லும் பொய், அவருடைய நம்பிக்கையும் பொய், பந்து மட்டும் சரியான இடத்தில் இருக்கிறது. இதற்கு மேல் ஒரு மனிதருக்கு என்ன சந்தோஷம் வேண்டும்?

அப்போதுதான் லேசர் வந்தது.

முதலில் கொண்டுவந்தவர் வக்கீல் சங்கரலிங்கம். பெரியவருடைய தம்பி பேரன். வெளிநாட்டிலிருக்கும் மகன் அனுப்பியது. ஒற்றைக்கண் பைனாகுலர் மாதிரி இருக்கும். கொடியைப் பார்த்து அமுக்கினால் உள்ளே எண் தெரியும். மூன்று மாதத்தில் எல்லோர் இடுப்பிலும் ஒன்று தொங்கியது. அதைக்கொண்டு அவர்கள் அடைந்த பயன்களை நான் அப்போதே குறித்துவைத்தேன். சாரல் நேரத்தில் கொடியைப் பார்த்து அமுக்கினால், கருவி முன்னால் இருக்கிற சாரலை அளந்து 17 என்று காட்டியது. அண்ணாச்சி அதை நம்பி, பந்தைத் தட்டிவிட்டு, மீதித் தூரத்தை நான்கு தட்டில் போனார். கொடி காற்றில் மடங்கியிருந்தால் பின்னால் நிற்கும் தேக்கு மரத்தின் தூரம் வந்தது. தேக்கு மரத்தை அடிப்பதில் சிலர் நல்ல தேர்ச்சி பெற்றார்கள். சிலர் கருவியை வீட்டுக்குக் கொண்டுபோய் அண்ணன் தம்பி வரப்புத் தகராறுகளை அளந்தார்கள். அங்கே மட்டும் அது மிகத் துல்லியமாக இருந்ததாகச் சொன்னார்கள்.

நல்ல வெயில் நாளில், சரியாகப் பிடித்து அமுக்கினாலோ, இன்னும் மோசம். 150 கல்லில் நின்று பார்த்தால் 129 என்று வரும். உடனே மனிதர் யோசிப்பார்: நூற்று முப்பதுக்கு என்ன மட்டை? ஒன்பதாம் நம்பர். ஆனால் அவர் நூற்று முப்பது போகும் என்று நம்புகிற ஒன்பதாம் நம்பர் உண்மையில் 112தான் போகும். கடைசிக் குழியில் கொடிக்கு முன்னால் ஒரு குளம் இருந்தது. அங்கே 150 கல்லிலிருந்து 112 கெஜம் என்பது சரியாக அந்தக் குளத்தின் நடு.

அந்த வருடம் குளத்தைத் தூர்வாரியபோது வாளி வாளியாகப் பந்து வந்தது. கருவி உண்மையைச் சொன்னது, உண்மை பந்தை மூழ்கடித்தது. உறுப்பினர்கள் ஒரே முடிவுக்கு வந்தார்கள். மலைக்காற்றில் ஈரம் அதிகம், இந்த ஊருக்கு லேசர் ஒத்துவராது. ஆனாலும் இடுப்பிலிருந்து யாரும் கழற்றவில்லை.

இனி அந்த ஒரு வழக்கு.

கடையநல்லூர் ஷாகுல் பாய் வளைகுடாவில் பதினாறு வருடம் ஒரு கோல்ஃப் மைதானத்தில் புல் வெட்டியவர். வாரம் ஒருநாள் தொழிலாளிகள் ஆடலாம் என்று அங்கே விட்டிருக்கிறார்கள். ஆடிப் படித்துக்கொண்டார். ஊருக்குத் திரும்பியபின் யாராவது ஓர் உறுப்பினர் கையெழுத்துப் போட்டால் விருந்தாளியாக வந்து ஆடுவார். அவருடைய மகள் ஆயிஷாவுக்குப் பதினாலு வயது. வற்றின ஊர்க்குளத்துக்குள் வாப்பாவோடு ஆடிப் பழகியவள். நன்றாக அடிப்பாள். ஆனால் விருந்தாளியின் மகளுக்கு மைதானத்தில் இடமில்லை. உறுப்பினரின் பிள்ளைகள் மட்டும்தான் ஆடலாம். உறுப்பினர் ஆவதற்குப் பரிந்துரை, பரம்பரை, காத்திருப்பு என்று பல வழிகள் இருந்தன, எதுவும் அவருக்குத் திறக்காது. பெரியவர் எழுதிவைத்த ஒரு வழி மட்டும் மிச்சம். சீசன் முடிவில் நடக்கும் சாரல் கோப்பையை யார் வென்றாலும் அவர் முழு உறுப்பினர்.

அந்த வருடக் கோப்பையில் எட்டுக் குழி முடிந்தபோது வக்கீலும் ஷாகுல் பாயும் சமம். ஒன்பதாவதில் இருவர் பந்தும் 150 கல்லுக்கு ஒட்டி விழுந்தன. அட்டைகளைச் சரிபார்ப்பவளாக நான் பக்கத்தில் நின்றேன். சாரல் போட்டுக்கொண்டிருந்தது. ஷாகுல் பாய் லேசரை எடுத்தார். முதலில் 38 வந்தது. சிரித்துக்கொண்டு காத்திருந்தார். சாரல் விலகியதும் 129. ஒன்பதாம் நம்பரை எடுத்து அடித்தார். பந்து குளத்தைத் தாண்டிக் கொடியருகில் உட்கார்ந்தது. வக்கீலும் லேசரைப் பார்த்தார். 129. அவரும் ஒன்பதாம் நம்பரை எடுத்தார். குளத்தில் தவளை குதித்த மாதிரி ஒரு சத்தம் கேட்டது.

ஷாகுல் பாய் இரண்டு அடி குறைவாக அடித்து வென்றார். வக்கீல் அன்றே புகார் எழுதிக் கொடுத்தார்.

புகாரில் மூன்று அம்சங்கள். எதிராளியின் கருவி கல்லுக்கு மாறாகப் பொய்த் தூரம் காட்டியது. தன்னுடைய கருவியும் அதே பொய்யைக் காட்டியது. ஆகவே ஒன்பதாவது குழியைக் கருவி இல்லாமல், கல்லை மட்டும் நம்பி, திரும்ப ஆட வேண்டும். எதிராளி பொய்த் தூரத்தை நம்பி அடித்த பந்து எப்படிச் சரியாகப் போனது என்பதை மட்டும் அவர் எழுதவில்லை. இடம் போதவில்லை போலிருக்கிறது.

திங்கட்கிழமை காலை விசாரணை. அண்ணாச்சியின் முறை ஒன்று உண்டு. குற்றம் சாட்டப்பட்டவரை நாற்காலியில் உட்காரவைத்து டீ கொடுப்பார். புகார் கொடுத்தவர் நிற்க வேண்டும். ஸ்டேஷனில் இருபது வருடம் பார்த்தது, புகார்க்காரனுக்குத்தான் வேகம் அதிகம் என்பார். வக்கீல் நின்றுகொண்டிருந்தார். ஷாகுல் பாய் டீயைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்கவில்லை.

"சார், கோப்பை எனக்கு வேண்டாம். வக்கீலய்யாவே வச்சுக்கிடட்டும். மக வந்து ஆடுததுக்கு ஒரு கார்டு மட்டும் போட்டுக் குடுங்க" என்றார்.

"கோப்பைய விட்டா கார்டு கிடையாது வேய். விதி அப்படி. பேசாம டீயக் குடியும்" என்றார் அண்ணாச்சி.

பிறகு என் பக்கம் திரும்பினார். இரண்டு கருவியையும் சோதித்து, சரியா தப்பா என்று கையெழுத்துப் போட்டுத் தரவேண்டும். கருவி தப்பு என்றால் ஆட்டம் திரும்ப நடக்கும். கருவி இல்லாமல் கல்லை நம்பினால் வக்கீல் பழையபடி ஏழாம் நம்பரை எடுப்பார், பந்து கொடிக்குப் போய்விடும். ஷாகுல் பாய்க்கோ கல்லை நம்பி ஆடிப் பழக்கமில்லை. கருவி சரி என்றால் கல் தப்பு.

அளப்பதற்கு டோட்டல் ஸ்டேஷன் என்கிற நில அளவைக் கருவியை எடுத்து வருகிறேன் என்றேன். அதுவும் லேசர்தானே என்றார் வக்கீல். நியாயமான சந்தேகம். ஸ்டீல் டேப்பால் அளக்கிறேன் என்றேன். குறுக்கே குளம் கிடக்கிறதே என்றார். அவர் அதைச் சொன்னபோது எனக்கு உள்ளுக்குள் ஒரு சின்னச் சந்தோஷம் வந்தது. டிப்ளமா முதல் வருடத்தில், அளவைக் கோட்டின் குறுக்கே குளம் வந்தால் என்ன செய்வது என்று ஒரு கேள்வி தவறாமல் வரும். வாழ்க்கையில் இது எதற்கு என்று திட்டிக்கொண்டு படித்தது.

எட்டுப் பேர் குடையோடு நின்று பார்க்க, வேலையைத் தொடங்கினேன். கல்லுக்கும் கொடி மேடையின் நடுவுக்கும் நேர்க்கோட்டில் சவுக்குக் கம்புகள் நட்டேன். கல்லிலிருந்து குளக்கரை வரை டேப்பை இழுத்தேன். கரையில் மூன்று, நான்கு, ஐந்து மீட்டரில் கயிற்று முக்கோணம் போட்டுச் செங்கோணம் எடுத்து, இருபது மீட்டர் பக்கவாட்டில் போனேன். அங்கிருந்து குளத்தைத் தாண்டும்வரை, கம்புகளின் வரிசைக்கு இணையாக ஒரு கோடு. மறுகரையில் அதேபோல் செங்கோணம் போட்டு இருபது மீட்டர் திரும்ப உள்ளே வந்தபோது, எதிரே நட்டிருந்த கம்புகளின் நேர்க்கோட்டில் ஒரு விரல்கடை பிசகாமல் வந்து நின்றேன். ஒருவரும் கைதட்டவில்லை. மீதித் தூரத்தையும் இழுத்துக் கூட்டினால் நூற்றுப் பதினெட்டு மீட்டருக்கு நாலு சென்டிமீட்டர் குறைவு. கெஜத்தில் 129.

டேப் மழையில் நனைந்து நீண்டிருக்கும் என்றார் வக்கீல். ஸ்டீல் என்றேன். அப்படியானால் குளிரில் ஏதாவது ஆகியிருக்கும் என்றார்.

அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றினார்.

"வக்கீலய்யா, போன மாசம் வீரகேரளம்புதூர் தோப்புல உம்ம சித்தப்பா மகனோட வரப்பை எத வச்சு அளந்தீரு?"

வக்கீல் குடையை மறு கைக்கு மாற்றினார்.

"இதே மிஷினத்தான? அங்கன உமக்கு நாலு தென்னை கூட வந்துச்சே. அப்ப சரியாக் காட்டினது இங்கன வந்து பொய் சொல்லுதோ?"

குடைக்குக் கீழே யாரோ இருமினார்கள். அந்த இருமல் சிரிப்பு என்று எல்லோருக்கும் தெரியும். வக்கீல் முகம் சிவந்து என்னைப் பார்த்தார். கடைசி ஆயுதத்தை என்மேல்தான் எடுத்தார்.

"அப்ப எங்க பெரிய தாத்தாவுக்கு எண்ணத் தெரியலன்னு எழுதப் போறியாம்மா?"

இருமல் நின்றுவிட்டது. இதற்குத்தான் ஒன்பது வருடமாக நான் பயந்தது. இந்த மைதானத்தில் கருவியைச் சந்தேகிக்கலாம், டேப்பைச் சந்தேகிக்கலாம், என்னைச் சந்தேகிப்பது தினசரி நடப்பு. பெரியவரைச் சந்தேகித்து யாரும் அங்கே சம்பளம் வாங்கியதில்லை. ஷாகுல் பாய் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் வாயைத் திறக்கமாட்டேன் என்று அவர் முடிவு செய்துவிட்டது தெரிந்தது.

"அவங்க எண்ணினது சரிதான் சார்" என்றேன். "நூத்தம்பது எட்டு வச்சிருக்காங்க. ஒண்ணு கூடல, குறையல. இருபத்தேழு கல்லுலயும் கணக்கு தப்பல. ஓர் எட்டுக்கு முப்பத்தியோரு அங்குலம். கெஜத்துக்கு முப்பத்தாறு. அவ்வளவுதான்."

"எங்க தாத்தா காலு குட்டைங்குத."

"ஒரே சீரா நடந்திருக்காங்கங்கேன். எங்க வகுப்புல அப்படி நடக்க ஒருத்தராலயும் முடியாது."

இது உண்மை. புகழ்ச்சியாகவும் இருந்தது தற்செயல்.

அண்ணாச்சி அங்கேயே, குடைக்குக் கீழே, அட்டையை முழங்காலில் வைத்து மகஜர் எழுதினார். முதலில் நேரம், பிறகு வானிலை. பிறகு இப்படி: மேற்படிக் கல்லில் கண்ட 150 என்பது பெரியவர் அவர்களின் நடையில் 150 என்றும், கருவியில் கண்ட 129 என்பது கெஜத்தில் 129 என்றும், இரண்டும் மெய் என்றும், ஆகவே எவர்மேலும் குற்றமில்லை என்றும், ஆட்டத்தின் முடிவு செல்லும் என்றும். வக்கீல் இரண்டுமுறை படித்தார். குட்டை என்ற சொல் எங்கேயும் இல்லை. சாட்சியாகக் கையெழுத்துப் போட்டார்.

எல்லோரும் போனபின் அண்ணாச்சி டேப்பைச் சுற்ற உதவினார். இது எனக்கு எப்போதிலிருந்து தெரியும் என்று தெரியாதவர் மாதிரி கேட்டார். சேர்ந்த வருடமே என்றேன். சுற்றி முடித்ததை என் கையில் கொடுத்தார்.

"அது மகஜர்ல வேண்டாம். ரெண்டு பேருக்கும் நல்லதில்ல."

ஷாகுல் பாய்க்கு மூன்றாம் நாள் கார்டு வந்தது. ஆயிஷா அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்தாள். அவள் பையில் ஒரு பள்ளிக்கூட நோட்டு இருந்தது. ஒவ்வொரு மட்டைக்கும் ஒரு பக்கம். தான் அடித்த பந்து எங்கே விழுந்தது என்று டேப் வைத்து அளந்து எழுதிய எண்கள். நன்றாக அடித்ததை மட்டுமல்ல, உதவாமல் அடித்ததையும் எழுதியிருந்தாள். ஒன்பதாவது குழியில் லேசரைப் பார்த்தாள், நோட்டைப் பார்த்தாள், ஆறாம் நம்பரை எடுத்தாள். பந்து குளத்தைத் தாண்டியது. வக்கீல் பின்னால் நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்.

கௌசல்யா, உன் அறிக்கைக்கு என் பதில் இதுதான். கருவி கொடி எங்கே இருக்கிறது என்று சொல்லும். நீ யார் என்று சொல்லாது. தீர்மானத்தில் ஒரு வரி சேர்க்கச் சொல்: கருவி வாங்குமுன் ஒவ்வொரு உறுப்பினரும் தன் மட்டை எவ்வளவு தூரம் போகிறது என்று பிறர் முன்னிலையில் அளந்துகொள்ள வேண்டும். அந்த வரியைக் கேட்டதும் தீர்மானத்தையே கைவிட்டுவிடுவார்கள். உனக்கும் வேலை மிச்சம்.

ஒருவர் மட்டும் அளந்துகொண்டார். பிறர் முன்னிலையில் அல்ல. ஆயிஷா வந்து ஆடியதற்கு அடுத்த நாள் விடிந்தும் விடியாமலும் வக்கீல் தனியாக வந்தார். டேப் இருக்கிறதா என்றார். ஒன்பதாம் நம்பரில் பத்துப் பந்து அடித்தார். நான் ஒவ்வொன்றையும் அளந்தேன். நடுவாக எடுத்தால் 112 கெஜம். ஏழாம் நம்பரிலும் பத்து அடித்தார். 129. இரண்டு எண்ணையும் ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்தேன். நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். இருபது வருடத்துப் பெருமையில் பதினெட்டும் இருபத்தொன்றும் குறைவது ஒரு மனிதருக்குச் சின்ன விஷயமில்லை. நான் அவர் முகத்தைப் பார்க்காமல், பந்து விழுந்த இடங்களில் குத்தியிருந்த கம்பிகளைப் பிடுங்கினேன்.

தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். "இத மினிட்ஸ்ல ஏத்திராத, என்ன?" என்றார்.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை ஒன்பதாவது குழியில் 150 கல்லருகே அவர் பந்து கிடந்தது. ஷாகுல் பாயும் ஆயிஷாவும் அவரோடு ஆடிக்கொண்டிருந்தார்கள். லேசரை எடுத்துப் பார்த்தார். 129. சட்டைப் பையைத் தொட்டுக்கொண்டார். ஏழாம் நம்பரை உருவினார். லேசர் வருவதற்கு முன் இருபது வருடமாக அதே கல்லிலிருந்து அடித்த அதே ஏழாம் நம்பர். பந்து குளத்தைத் தாண்டி, கொடிக்கு இரண்டு முழம் தள்ளி நின்றது.

வக்கீல் மட்டையைத் தோளில் சாய்த்துக்கொண்டு எங்கள் எல்லோரையும் ஒருமுறை பார்த்தார்.

"பாத்தீரா பாய்? பெரியவர் கல்லு பொய் சொல்லுமா?"

ஆயிஷா நோட்டைத் திறக்கப் போனாள். ஷாகுல் பாய் மெதுவாக அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சொல்லாது வக்கீலய்யா" என்றார்.